தேடினார், கண்டார், எடுக்கவில்லை

2022-ல் கோயம்புத்தூரில் ஒரு கட்டற்ற மென்பொருள் சந்திப்பு. மதியச் சாப்பாட்டின்போது எதிரில் உட்கார்ந்திருந்த பெண், ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறவர். பேச்சுவாக்கில், "பில்லுல தொகையை எழுத்தால போடறதுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதினேங்ண்ணா. அதுக்கே மூணு நாள் போச்சு. எண்பது வரைக்கும் ஒழுங்கா வருது, தொண்ணூறு வந்ததும் எல்லாம் மாறிருது" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அதே வேலையைச் செய்கிற பைத்தான் நிரல்மொழித் தொகுப்பு (பிறர் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்) ஒன்றை 2019-லேயே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, பைத்தான் தொகுப்புகளுக்கான பொதுக் களஞ்சியமான பைபிஐ-யில் ஏற்றி வைத்தவன் நான்.

"பைபிஐ-ல தேடிப் பாக்கலையாம்மா?"

"பாத்தேங்ண்ணா. நாலஞ்சு இருந்துச்சு. எதையும் நம்பி எடுக்க முடியல."

சாப்பிட்டு முடித்ததும், அன்று தேடியபடியே மறுபடி தேடிக் காட்டச் சொன்னேன். அதில் ஒன்று என்னுடையது என்று சொல்லவில்லை. மடிக்கணினியைத் திறந்து 'அமவுண்ட் இன் வேர்ட்ஸ் தமிழ்' என்று ஆங்கிலத்தில் தட்டினார். வந்த பட்டியலில் என் தொகுப்பு கண்ணில் படவில்லை. 'தமிழ் நம்பர்' என்று மாற்றினார். இப்போது கொஞ்சம் கீழே தள்ளி வந்தது. திறந்தார். மேலே பெயர், பதிப்பு 0.1.3, கடைசியாக வெளியான தேதி மூன்று வருடம் முந்தியது. நடுவில், இந்தத் தொகுப்பை எழுதியவர் விவரம் எதுவும் தரவில்லை என்று பைபிஐ தானாகவே போடுகிற ஒற்றை வரி. ஓரத்தில் உரிமம் பற்றி ஒரு சொல் இல்லை. மூலநிரலுக்கு இணைப்பும் இல்லை. "இதையும் பாத்தேங்ண்ணா. யாரு எழுதினது, ஒழுங்கா ஓடுமா, ஒண்ணும் தெரியல. இதை நம்பி கடைக்காரர் பில்லுல எப்படிப் போடறது?" என்று பக்கத்தை மூடினார். எல்லாம் சேர்ந்து இருபது விநாடி இருக்கும்.

அதுவரை என் தொகுப்பை யாரும் எடுக்காததற்கு, தமிழில் இதற்கெல்லாம் தேவை குறைவு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவை இருந்திருக்கிறது. வாசல் வரை வந்து, கதவைத் தட்டாமல் திரும்பிப் போயிருக்கிறது. உள்ளே இருந்த நிரலைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை, ஏனென்றால் நிரலை அவர் பார்க்கவே இல்லை. அதைப் பார்க்கும் அளவுக்கு நான் அவருக்கு எந்தக் காரணமும் தரவில்லை.

2003-ல் தொடங்கிய பைபிஐ-யில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. ஏற்றுவதற்கு முன் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியின் கிரான் களஞ்சியம் அப்படி இல்லை. அங்கே புதிதாக வரும் தொகுப்பு தானியங்கிச் சோதனைகளைத் தாண்டிய பிறகு மனிதர் ஒருவரும் பார்க்கிறார். விவரக் குறிப்பு அரைகுறையாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பைபிஐ-யின் கதவு எல்லோருக்கும் திறந்திருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் எழுதியதையும் ஏற்ற முடிகிறது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் கிரானில் அந்த மனிதர் செய்கிற வேலையை பைபிஐ-யில் ஏற்றுகிறவரேதான் செய்தாக வேண்டும். அதைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் கை வைத்தது சுருக்க வரியில். பைபிஐ தேடல் பட்டியலில் பெயருக்குக் கீழே தெரிகிற ஒரே வரி அதுதான். 'தமிழ் எண்ணுப்பெயர்களுக்கான உருபனியல் கருவி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பில் போடுகிறவர், காசோலை அச்சடிக்கிறவர், கூட்டுறவுச் சங்கத்துக்கு ரசீது தயாரிக்கிறவர், இவர்களில் யாராவது 'உருபனியல்' என்று தேடுவார்களா? நான் செய்த வேலைக்கு நான் வைத்துக்கொண்ட பெயர் அது. அவர்கள் தங்கள் வேலையின் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் தொகுப்பாளர்களுக்கான வழிகாட்டியில் இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. சுருக்க விவரம் 80 எழுத்துக்குள் இருக்க வேண்டும், தொகுப்பின் பெயரையே அதில் திரும்பச் சொல்லக்கூடாது, 'இந்தத் தொகுப்பு ஒரு...' என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்த விவரம் அப்படியே பொருந்த வேண்டும். அதை வைத்துப் பலமுறை அடித்து எழுதி, கடைசியில் 'பில், காசோலை, ரசீதுக்கு ரூபாய்த் தொகையைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரும் நூலகம்' என்ற வரிக்கு வந்தேன். ஆங்கிலத்தில் அதையே போட்டு, குறிச்சொற்களில் அந்தப் பெண் தட்டிய சொற்களையும் அப்படியே சேர்த்தேன்.

அடுத்தது பெயர். இதைச் சரிசெய்யத்தான் அதிக நாள் பிடித்தது. பைபிஐ பெயரில் ரோமன் எழுத்தும் எண்ணும் புள்ளியும் இணைப்புக்கோடும் அடிக்கோடும் மட்டுமே வரலாம், தமிழ் எழுத்துக்கு இடமில்லை. 'எண்ணெழுத்து' என்று அழகாகப் பெயர் வைத்து ரோமனில் எழுதியிருந்தேன். ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் வெறும் எல் போடுவார். ஈற்றில் 'த்து' வந்தால் டி-யா, டி-எச்சா, எத்தனை முறை? இணைப்புக்கோடு, அடிக்கோடு, புள்ளி, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எது மாறினாலும் பைபிஐ ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். ழகரத்துக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. சந்திப்பில் யாரிடமாவது வாயால் சொன்னாலும் அவர் வீட்டுக்குப் போய்த் தட்டும்போது வேறு எழுத்தாகிவிடும்.

அதனால் பெயரையே மாற்றினேன். 'தமிழ்' என்பதை ஆங்கிலத்தில் எல்லோரும் எழுதுகிற ஐந்தெழுத்தில் முதலில் போட்டு, பின்னால் எண், எழுத்து என்பதற்கான ஆங்கிலச் சொற்கள். கவிதையாக இல்லைதான், கேட்டதும் தட்ட முடிகிறது. பைபிஐ-யில் ஒரு திட்டத்தின் பெயரை மாற்ற வழி கிடையாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும். பழைய பெயரில் கடைசிப் பதிப்பு ஒன்றை ஏற்றி, அதன் பக்கம் முழுவதும் 'இனி அங்கே வாருங்கள்' என்று எழுதி வைத்தேன். இன்னொன்றையும் பார்த்துக்கொண்டேன்: நிறுவும் பெயரும் நிரலில் அதைச் சேர்த்துக்கொள்ள இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும் என்று. பில்லோ என்ற தொகுப்பை நிறுவிவிட்டு பிஐஎல் என்று அழைக்க வேண்டும், பியூட்டிஃபுல்சூப்4-ஐ நிறுவிவிட்டு பிஎஸ்4 என்று அழைக்க வேண்டும். அவை புகழ்பெற்றவை, உலகமே மனப்பாடம் செய்துவிட்டது. என் தொகுப்புக்காக யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்துக்கு நேர்ந்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. இம்போர்ட் பெயரான எஸ்கேலேர்ன் என்பதையே பலரும் நிறுவும் பெயராகத் தட்டியதால், அந்தப் பெயரில் ஒரு வெற்றுத் தொகுப்பு இருந்துகொண்டு உண்மையான நூலகத்தை இழுத்துக் கொடுத்தது. அதைக் கைவிட முடிவு செய்து, 2022 டிசம்பரில் தொடங்கி அவ்வப்போது மட்டும் பிழை காட்ட வைத்து, 2023 டிசம்பரில் முழுதாக நிறுத்தினார்கள். ஒரு பெயரை விட்டு இறங்க ஒரு வருடம். தொடக்கத்தில் பெயருக்காக ஒரு மாலை உட்கார்ந்து யோசிப்பது வீண் இல்லை.

ட்ரோவ் வகைப்பாடுகள், அதாவது ஒரு தொகுப்பு எந்த வகை என்று குறிக்கும் நிலையான சொற்கள், பைபிஐ-யோடு கூடவே வந்தவை. மனித மொழிகளுக்கான பட்டியலில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது. தமிழுக்காக எழுதுகிற நம்மில் பலர் அதைப் போடுவதில்லை, நானும் போடவில்லை. போட்டால் அந்த வகையை வடிகட்டித் தேடுகிறவர் கண்ணில் உடனே படும். வளர்ச்சி நிலைக்கும் ஏழு படிகள் உண்டு, 'திட்டமிடல்' தொடங்கி 'செயலற்றது' வரை. வேறொரு திட்டத்தின் கோப்பை நகலெடுத்தபோது அதிலிருந்த ஐந்தாம் படி, அதாவது 'நிலையானது' என்ற சொல், என்னுடையதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் அந்தப் பொய்யோடு என் பக்கம் இருந்திருக்கிறது. நான்காம் படிக்கு இறக்கினேன்.

உரிமம் சேர்க்க இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. உரிமம் எழுதாத நிரல் எவருக்கும் பொது இல்லை, பதிப்புரிமை முழுதாக எழுதியவரிடமே இருக்கும். நிறுவனத்தில் வேலை செய்கிறவர் அதைத் தொடவே முடியாது. 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று என் மனதில் நினைத்தது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. யாரும் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தைப் போட்டேன்.

தொகுப்பின் அறிமுகக் கோப்பான ரீட்மீ-யை அந்தப் பெண்ணின் இருபது விநாடியை மனதில் வைத்து எழுதினேன். முதல் திரையிலேயே நிறுவும் கட்டளை ஒரு வரி, நிரல் மூன்று வரி, விடை தமிழில். 1235 கொடுத்தால் 'ஆயிரத்து இருநூற்று முப்பத்தைந்து' என்று வருவது கண்ணில் பட்ட பிறகு மற்ற விளக்கம் எல்லாம் தானே படிக்கப்படும். அதற்குக் கீழே 'இது செய்யாதவை' என்று ஒரு பகுதி. பின்னங்களை எழுதாது, முக்கால் காணி முந்திரியெல்லாம் தெரியாது, கோடி கோடிக்கு மேல் போகாது. இந்தப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் நம்பிக்கை வந்தது என்று பின்னாளில் இரண்டு பேர் எழுதினார்கள். பைபிஐ 2018-லிருந்து மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவத்தை ஏற்கிறது, ஆனால் கோப்பு மார்க்டவுன் என்று தொகுப்பின் விவரக் குறிப்பில் (மெட்டாடேட்டா) சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நட்சத்திரமும் வேலிக்குறியுமாகப் பக்கம் கலைந்து கிடக்கும். ஏற்றுவதற்கு முன் 'ட்வைன் செக்' என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டினால் இது தெரிந்துவிடும்.

ரீட்மீ-யில் உள்ள எடுத்துக்காட்டுகளை டாக்டெஸ்ட் என்ற பைத்தான் கருவி மூலம் ஓட்டிச் சரிபார்க்க வைத்ததுதான் மிகப் பெரிய பலன் தந்தது. முதல் நாளே பிடித்தது: 909 கொடுத்தால் 'ஒன்பது நூற்று ஒன்பது' என்று வந்தது. 900-க்குத் தொள்ளாயிரம் சரியாக வைத்திருந்தேன். பின்னால் வேறு எண் வரும்போது 'தொள்ளாயிரத்து' என்று திரிய வேண்டிய இடத்தில், அட்டவணையில் சொல் இல்லாததால் நிரல் பொது விதிக்குப் போய்விட்டது. மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் எடுக்கவில்லை. ஒரு கடையில் யாரோ ஒருவர் கையில் அந்த பில் போயிருந்தால் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அன்றே 1 முதல் 9,999 வரை எல்லா எண்களையும் அச்சடித்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் பெரியம்மாவிடம் கொடுத்தேன். சிவப்பு மையில் பதினேழு இடத்தில் வட்டம் போட்டுத் தந்தார். அந்த பதினேழும் இப்போது சோதனைக் கோப்பில் தனித்தனி வரிகளாக இருக்கின்றன.

பக்கம் சரியானதும் ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு உண்மையான குறைகளும் வந்தன. முதல் வாரத்திலேயே ஒருவர், நிறுவியதும் 'கோப்பு இல்லை' என்று பிழை வருவதாக எழுதினார். எண்ணுப்பெயர் அட்டவணை இருந்த ஜேசன் தரவுக் கோப்பு, வீல் எனப்படும் நிறுவல் கோப்புக்குள் சேரவே இல்லை. தரவுக் கோப்பையும் சேர் என்று சொல்லாவிட்டால், தொகுப்பைக் கட்டும் கருவியான செட்அப்டூல்ஸ் பைத்தான் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். என் கணினியில் எப்போதும் மூலக் கோப்புறையிலிருந்தே ஓட்டிப் பார்த்ததால் எனக்குத் தெரியவில்லை. அவசரத்தில் அந்த 0.2.0-ஐ அழித்துவிட்டு, திருத்தியதை அதே எண்ணில் ஏற்றப் போனேன். பைபிஐ மறுத்தது. ஒருமுறை பயன்படுத்திய கோப்புப் பெயரை அழித்தாலும் மறுபடி பயன்படுத்த விடாது, விடக்கூடாது என்பதும் சரிதான், நேற்று 0.2.0 எடுத்தவர் கையில் இருப்பதும் இன்று எடுப்பவர் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா. 0.2.1 என்று ஏற்றினேன். அழிப்பதைவிட 'யாங்க்' செய்வது நல்லது என்பதைப் பிறகுதான் படித்தேன். யாங்க் செய்த பதிப்பைப் புதிதாக நிறுவுகிறவருக்கு, நிறுவும் கருவியான பிப் தராது, அதே எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்பவருக்கு மட்டும் தரும். ஏற்கெனவே அதை நம்பி இருப்பவரின் வேலை நிற்காது.

இன்று எந்தப் பதிப்பையும் ஏற்றுவதற்கு முன் வீலைக் கட்டி, புதிதாக உருவாக்கிய வெற்றுச் சூழலில், வேறு கோப்புறையிலிருந்து நிறுவி, சோதனைகளை அங்கே ஓட்டுகிறேன். இந்த ஒன்றை மட்டும் யாராவது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது விண்டோஸ். ஜேசன் கோப்பைத் திறக்கும் இடத்தில் எழுத்துக் குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று நான் குறிப்பிடவில்லை. லினக்ஸில் தானாகவே அதுதான் என்பதால் ஓடியது. பலருடைய விண்டோஸ் கணினியில் பைத்தான் பழைய குறியேற்றத்தில் திறந்து, தமிழைப் படிக்க முடியாமல் விழுந்தது. தமிழுக்கு எழுதுகிற எவரும் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் குறியேற்றத்தை எழுதியே ஆக வேண்டும். நம் பயனர்களில் பில் போடுகிற கடைகள் பெரும்பாலும் விண்டோஸ். அதிலிருந்து, நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் சோதனை ஓடுகிறது.

சார்புகளையும், அதாவது என் தொகுப்பு ஓடத் தேவைப்படும் வேறு தொகுப்புகளையும், களைந்தேன். சின்ன அட்டவணை ஒன்றைப் படிக்க பாண்டாஸ் என்ற பெரிய தரவு நூலகம் முழுவதையும் இழுத்து வைத்திருந்தேன், பதிப்பு எண்ணையும் ஒன்றுக்கு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தேன். வேறு பதிப்பு பாண்டாஸ் வைத்திருந்தவரால் என்னுடையதை நிறுவவே முடியவில்லை. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் தொகுப்பை எழுதியவர் எடுத்துவிட, அதை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் கட்ட முடியாமல் நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். இப்போது என் தொகுப்புக்குச் சார்பு ஒன்றும் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஒரு இஷ்யூ (குறைக் குறிப்பு) திறந்தார். எங்கள் ஊரில் 'ரூபா', 'சதம்' என்றுதான் எழுதுவோம், உங்களுடையது 'ரூபாய்', 'பைசா' என்று எழுதுகிறதே என்றார். தமிழ் என்று தலைப்பில் போட்டுவிட்டு ஒரு ஊரின் தமிழை மட்டும் வைத்திருந்தேன் என்பது அவர் சொல்லித்தான் உறைத்தது. நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்து, மாற்றக் குறிப்பில் அதை முதல் வரியாக எழுதினேன். 'சில திருத்தங்கள்' என்று மட்டும் எழுதும் மாற்றக் குறிப்பை நானே யாருடையதிலும் படித்ததில்லை. என்ன மாறியது, யாருடைய நிரல் உடையும், என்ன செய்ய வேண்டும், இவை மூன்றும் இருந்தால் படிப்பேன்.

அந்தப் பெண் 'நாலஞ்சு இருந்துச்சு' என்று சொன்னதும் மனதில் கிடந்தது. போய்ப் பார்த்தேன். ஒன்றில் நிரலே இல்லை, பெயரை மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள். ஒன்று நூறு வரை மட்டும் செய்தது. ஒன்று நன்றாகவே எழுதப்பட்டு 2017-ல் நின்றுபோனது. அதை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சில வாரம் கழித்து அன்போடு பதில் எழுதினார், வேலை மாறிவிட்டது, பார்க்க நேரமில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் எழுதிய வரிசை எண் பகுதி, முதலாவது, இரண்டாவது என்று வருவது, என்னுடையதைவிடச் சிறப்பாக இருந்தது. அதை அவர் பெயரோடு இணைத்தேன். 2025 ஜனவரியில் பைபிஐ திட்டங்களை 'ஆர்கைவ்டு', அதாவது இனிப் புதுப்பிக்கப்படாது, என்று குறிக்கும் வசதியைக் கொண்டுவந்ததும், அவர் தன்னுடையதை அப்படிக் குறித்து எங்கள் பக்கத்துக்கு வழி காட்டி வைத்தார். என் பழைய பெயரையும் அப்படியே செய்தேன். கற்றுக்கொள்ளும் காலத்தில் நான் ஏற்றிப் பார்த்த இரண்டு வெற்றுத் தொகுப்புகளையும் நீக்கினேன். ஏற்றிப் பழகுவதற்கென்றே டெஸ்ட்பைபிஐ என்று தனிக் களஞ்சியம் இருக்கும்போது, நான் போட்ட குப்பையை ஈரோட்டில் ஒருவர் தாண்டிப் போக வேண்டியிருந்திருக்கிறது.

இன்று தேடும் வழியும் மாறிவிட்டது. 'பிப் சர்ச்' கட்டளை 2020 டிசம்பரில் நின்றது, திரும்ப வரவில்லை. ஆட்கள் கூகுள் வழியாக வருகிறார்கள், அல்லது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்கிறார்கள். அவை சில நேரம் இல்லாத தொகுப்பின் பெயரைச் சொல்லிவிடுகின்றன. அப்படிச் சொல்லப்படும் பெயரைத் தீய நோக்கத்தோடு யாராவது பதிந்து வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அதனால் நிறுவும் கட்டளையைப் பெயர் பிசகாமல் ரீட்மீ, மூலநிரல் பக்கம், ஆவணம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். 2024 தொடக்கத்திலிருந்து பைபிஐ இரண்டு படி உள்நுழைவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கடவுச்சொல்லையும் டோக்கனையும் எங்கும் சேமிக்காமல் கிட்ஹப்பிலிருந்தே வெளியிடும் 'ட்ரஸ்டட் பப்ளிஷிங்' முறைக்கும் மாறிவிட்டேன். அமைக்க அரை மணி நேரம் ஆனது.

போன ஆண்டு ஆடித் தள்ளுபடி நேரத்தில் அந்த ஈரோட்டுப் பெண்ணிடமிருந்து ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது நிரலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் திருத்தம், வந்தது. 21,000-க்கு 'இருபத்தொன்று ஆயிரம்' என்று வருகிறது, 'இருபத்தோராயிரம்' என்று வர வேண்டும் என்று ஒரு வரித் திருத்தம், கூடவே 11,000, 31,000 இரண்டுக்கும் சோதனை. பெரியம்மாவிடம் நான் கொடுத்த அச்சு 9,999-ல் முடிந்திருந்தது. திருத்தத்தைச் சேர்த்து அன்று மாலையே 1.3.1-ஐ வெளியிட்டேன். பிறகு பைபிஐ-யில் உள்நுழைந்து, தொகுப்பின் இரண்டாவது உரிமையாளராக வரச் சொல்லி அவருக்கு அழைப்பு அனுப்பினேன். கடை மூடிய பிறகு, இரவு பத்தரை மணிக்கு ஏற்றுக்கொண்டார்.